அணை கண்ட ஆர்தர் காட்டன்

காவிரி நாடு

குடகு மலையில் பிறந்து, கன்னட நாட்டையும் கொங்கு நாட்டையும் கடந்து, திருச்சிராப்பள்ளிக்குக் கீழே பல கிளைகளாக விரிந்து தஞ்சை மண்ணை வளப்படுத்தும் பேராறு காவிரி. அவ்வாற்றின் வண்டலால் உருவாகி, அவ்வாற்றின் நீரால் விளைந்து, அவ்வாற்றையே தாயெனப் போற்றி வாழ்வது தஞ்சை வளநாடு. குறுவை, சம்பா, தாளடி என்று அந்நாட்டு உழவர் பயிர்ப் பருவங்களைப் பகுத்து வைத்திருப்பதும் ஆற்றில் நீர் வரும் காலத்தைக் கணக்கிட்டே ஆகும்.

ஆற்றில் நீர் மிகுதியாக வருவது மட்டும் உழவனுக்குப் போதாது. வரவேண்டிய காலத்தில் தவறாது வரவேண்டும். நாற்றங்காலில் நாற்று முதிர்ந்து நிற்கும்போது வாய்க்கால் வறண்டு கிடந்தால், பின்னர் எத்துணை வெள்ளம் வந்தாலும் பயனில்லை. கதிர் பழுக்கும் காலத்தில் கரை உடைந்தாலும் அவ்வாறே. ஓராண்டு பொன்னாக விளைந்து மறு ஆண்டு பொய்த்துப்போகும் நிலத்தை நம்பி எவனும் கடன் வாங்கி ஏர் பூட்டமாட்டான். ஆகவே, வேளாண்மைக்கு வேண்டிய முதற்பொருள் நீர் என்பதைக் காட்டிலும், நம்பத்தக்க நீர் என்பதே பொருந்தும்.

அத்தகைய நம்பகத்தைக் காவிரி நாட்டிற்கு அளிக்க, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அரும்பாடுபட்டவன் கரிகாற் சோழன் என்று மரபு கூறுகின்றது. அவன் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கல்லணை இன்றும் நின்று பயன் தருகின்றது. கடந்த நூற்றாண்டுகளில் அந்நாட்டின் நீர்வளம் மீண்டும் குன்றியபோது, பண்டைத் தமிழர் விட்டுச்சென்ற பாடத்தைப் பணிவோடு கற்று, அதன் வழியே புதிய அணைகளைக் கட்டியவர் ஒருவர் உண்டு. அவர் ஆங்கிலேயராகிய சர் ஆர்தர் காட்டன்.

இளமை

ஆர்தர் தாமஸ் காட்டன் 1803 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். அவருடைய தந்தையார் ஹென்றி கால்வலி காட்டன் என்பவர். அவருக்கு ஆண்மக்கள் பதினொருவர். அவர்களுள் ஆர்தர் பத்தாமவர். கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் படைகளுக்கு வேண்டிய பொறியியல் அலுவலர்களைப் பயிற்றுவிப்பதற்கு அடிஸ்கம் என்னும் இடத்தில் ஒரு கல்லூரி நடத்தி வந்தனர். காட்டன் தம் பதினைந்தாம் வயதில் அக்கல்லூரியில் சேர்ந்து பயின்றார். பின்னர் வேல்ஸ் நாட்டில் நில அளவைப் பணியில் சிறிது காலம் பயிற்சி பெற்றார்.

1821 ஆம் ஆண்டில், பதினெட்டு வயது இளைஞராகக் காட்டன் சென்னையில் வந்து இறங்கினார். தொடக்கத்தில் ஏரிகளைப் பேணும் துறையில் தென் மாவட்டங்களில் அவருக்கு வேலை கிடைத்தது. ஏரிக்கரைகளின் மீதும் ஆற்றுப் படுகைகளிலும் நடந்து திரிந்த அந்நாட்களே அவருடைய உண்மையான கல்விக் காலம் எனலாம். இந்தியாவிற்கும் இலங்கைக்கும் இடையே உள்ள பாம்பன் நீர்வழியை அளந்து ஆராயும் பணியிலும் அவர் ஈடுபட்டார். 1824 இல் மூண்ட முதலாம் பர்மியப் போரில் படையோடு சென்று பணியாற்றித் திரும்பினார். அதன் பின்னர், காவிரியின் நிலையை ஆராயும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய வாழ்வு காவிரியோடு பிணைந்தது அப்பொழுதுதான்.

ஆற்றின் நோய்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே ஏறத்தாழ 11 மைல் தொலைவில் முக்கொம்பு என்னும் இடம் உள்ளது. அங்கே காவிரி இரண்டாகப் பிரிகின்றது. வடகிளை கொள்ளிடம் என்ற பெயருடன் செல்கின்றது. தென்கிளை காவிரி என்ற பழம்பெயரையே தாங்கி வருகின்றது. இவ்விரு கிளைகளும் திருவரங்கத் தீவை இருபுறமும் அணைத்துச் சென்று, கல்லணைக்கு அருகே மீண்டும் நெருங்குகின்றன. கொள்ளிடம் வெள்ளத்தை விரைந்து கடலுக்குக் கொண்டு செல்லும் வடிகால். காவிரியோ எண்ணற்ற கிளைகளாலும் வாய்க்கால்களாலும் வயல்களுக்கு நீர் ஊட்டும் தாயாறு. தஞ்சையின் வாழ்வு தென்கிளையில் வரும் நீரையே சார்ந்தது.

இயற்கையின் போக்கோ இதற்கு மாறாக இருந்தது. கொள்ளிடம் நேராகவும் சரிவு மிகுந்தும் ஓடுவது. அதன் படுகையும் தாழ்ந்தது. ஆதலால் நீர் அப்பக்கமே சாய்ந்தது. காவிரியில் நுழையும் நீர் குறையக் குறைய அதன் வேகமும் குறைந்தது. வேகம் குன்றிய நீர் தான் சுமந்து வந்த மணலை வழியிலேயே இறக்கியது. மணல் படியப் படியக் காவிரியின் படுகை உயர்ந்தது. படுகை உயர்ந்தமையால் அடுத்த ஆண்டு இன்னும் குறைந்த நீரே அதனுள் நுழைந்தது. இவ்வாறு நோயே நோயை வளர்த்தது. ஓராண்டில் கண்ணுக்குத் தெரியாத இக்கேடு பல ஆண்டுகளில் ஒரு நாட்டையே வாட்டத் தொடங்கியது.

ஆண்டுதோறும் ஆற்றுத் தலைப்பில் மணலாலும் தழையாலும் மரக்கொம்புகளாலும் கொரம்புகள் அமைத்து, நீரைக் காவிரிப் பக்கம் திருப்புவது மக்களின் வழக்கமாக இருந்தது. ஆனால், வெள்ளம் வந்தவுடன் கொரம்பு அடித்துச் செல்லப்படும். செலவும் உழைப்பும் மணலோடு போகும். அடுத்த ஆண்டு அதே வேலையை மீண்டும் தொடங்கவேண்டும். ஆளும் அரசு வலிமையோடும் ஊர்கள் ஒற்றுமையோடும் இருந்த காலத்தில் இவ்வேலை ஒருவாறு நடந்தது. போர்களும் ஆட்சி மாற்றங்களும் நிகழ்ந்த பதினெட்டாம் நூற்றாண்டில் அது தளர்ந்தது.

1799 ஆம் ஆண்டு தஞ்சை நாட்டின் ஆட்சி மராட்டிய மன்னர் சரபோசியிடமிருந்து கம்பெனியார் கைக்கு மாறியது. நிலவரியைத் திரட்டுவதில் இருந்த கருத்து, அவ்வரிக்கு வேராகிய நீர்நிலைகளைப் பேணுவதில் அவர்களுக்கு இருக்கவில்லை. 1804 ஆம் ஆண்டில் கால்டுவெல் என்னும் பொறியியல் அலுவலர் காவிரியை ஆராய்ந்தார். மொழிநூல் இயற்றிய கால்டுவெல் இவர் அல்லர். இவருடைய முயற்சியால் கல்லணை உயர்த்தப்பட்டுச் செப்பனிடப்பட்டது. எனினும், முக்கொம்பில் இருந்த மூல நோய் தீரவில்லை. மண் படிவதும் நீர் குறைவதும் நிற்கவில்லை. தலைமுறை தலைமுறையாக நெல் விளைந்த நிலங்கள் தரிசாகிவிடுமோ என்ற அச்சம் கடைமடை ஊர்களில் பரவியது.

கல்லணை தந்த பாடம்

இந்நோயைத் தீர்க்கும் பொறுப்பை ஏற்ற காட்டன் முதலில் கற்றுக்கொண்டது கல்லணையிடமே. 1080 அடி நீளமும், 40 முதல் 60 அடி அகலமும், 15 முதல் 18 அடி உயரமும் உடைய அவ்வணை நேர்கோடாக இன்றி வளைந்து நெளிந்து கிடப்பது. காவிரி நீர் கொள்ளிடத்திற்குள் வீணே இறங்கிவிடாமல் அது காத்து வந்தது. எத்தனையோ பெருவெள்ளங்கள் அதன்மேல் ஏறிச் சென்றும் அது பெயரவில்லை. அதன் காரணம் யாது என்று காட்டன் ஆராய்ந்தார்.

அக்காலத்து மேனாட்டுப் பொறியாளர்கள் உறுதியான பாறையைத் தேடி அதன்மீது கட்டடம் எழுப்புவதையே சிறந்த முறையாகக் கொண்டிருந்தனர். காவிரியிலோ எவ்வளவு ஆழம் தோண்டினாலும் மணலே கிடைத்தது. ஆழம் காணமுடியாத அம்மணலின்மீது கல்லணை நின்றது. களிமண்ணோடு சேர்த்து இட்ட கரடுமுரடான கற்களே அதன் உள்ளுடல். மேற்புறம் மட்டும் கல்லும் சுண்ணச் சாந்தும் கொண்டு மூடப்பட்டிருந்தது. ஆற்றில் இட்ட பெருங்கல், நீர் அரிக்க அரிக்க மணலுள் இறங்கும். அதன்மேல் மேலும் கல் இடப்படும். அரிப்பு ஓயும்வரை கல் தாழ்ந்து, பின்னர் அசையாமல் நிலைபெறும். மணலோடு போராடாமல், மணலின் இயல்பையே துணையாகக் கொண்டு அமைத்த அடிப்படை அது.

இந்நாட்டுப் பழம்பணிகளைக் கண்டே, தளர்ந்த மணலில் அடித்தளம் அமைக்கும் முறையைத் தாமும் தம் துறையினரும் கற்றதாகக் காட்டன் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார். அப்பாடம் கிடைத்திராவிடில் தம் பணிகள் பயன்தரும் அளவுக்குக் குறைந்த செலவில் முடிந்திரா என்பதையும் ஒப்புக்கொண்டார். முன்னோர் செய்த அணைகளைப் புதிதாக அமைக்காவிடினும் பழுது பார்க்கவேனும் அறியாதவர்கள் என்று இந்நாட்டு மக்கள் ஆங்கிலேயரை இகழ்ந்து பேசியதையும், அவ்விகழ்ச்சி நேர்மையானதே என்பதையும் அவர் மறைக்காமல் கூறினார். ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவர், ஆளப்படும் மக்களின் முன்னோரை ஆசிரியராக ஏற்றுக்கொண்டது அக்காலத்தில் அரிய செயலாகும்.

கல்லணையின் முன்னே சேர்ந்துவந்த மணலை வெளியேற்றுவதற்கு, 1830 ஆம் ஆண்டை ஒட்டி அவ்வணையில் மணற்போக்கி மதகுகள் அமைக்கப்பட்டன. நீரைத் தேக்கும் கட்டடம் மணலையும் தேக்கும்; மணல் வெளியேற வழி செய்யாத அணை நாளடைவில் தன் பயனைத் தானே இழக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

மேலணையும் கீழணையும்

முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே நிலையான ஓர் அணை எழுப்பவேண்டும் என்பது காட்டனின் முடிவு. கொள்ளிடத்தின் வாயை ஓரளவு உயர்த்தினால், குறைந்த நீர் வரும் காலத்தில் அந்நீர் முழுவதும் காவிரிக்குச் செல்லும். பெருவெள்ளம் வரும்போது மிகுநீர் அணையின்மேல் வழிந்து கொள்ளிடத்தில் இறங்கும். நாட்டிற்கு நீரும் கிடைக்கும். வெள்ள அச்சமும் நீங்கும். கேட்பதற்கு எளிய இத்திட்டத்தைச் செய்து முடிப்பது எளிதாக இல்லை. இடையில் உடல்நலம் குன்றிக் காட்டன் தாயகம் சென்று திரும்பவும் நேர்ந்தது.

அணைக்கு அடித்தளமாகக் கிணறுகள் இறக்கப்பட்டன. ஆற்று மணலில் வட்டமாகச் செங்கற் சுவர் எழுப்பி, அதன் உள்ளிருக்கும் மணலைத் தோண்டி எடுத்தால், சுவர் தன் எடையாலேயே கீழே இறங்கும். வேண்டிய ஆழம் சென்றதும் அதனை நிரப்பி, அவ்வாறு வரிசையாக அமைந்த கிணறுகளின்மீது அணைச்சுவரை எழுப்புவர். வீடுகளுக்கும் கோயில்களுக்கும் உறைகிணறு இறக்கிப் பழகிய இந்நாட்டுத் தொழிலாளர்க்கு இவ்வேலை கைவந்த கலையாகும். அணையின்மேல் ஏறி விழும் நீர் அடிப்பக்கத்து மணலை அகழ்ந்து பள்ளம் செய்யாதபடி, கீழ்ப்புறத்தில் அகன்ற கல்தளம் பரப்பப்பட்டது. தேங்கும் மணல் வெளியேறச் சிறு மதகுகளும் வைக்கப்பட்டன.

ஆற்றின் நடுவே இருந்த இரு தீவுகளால் மூன்று பகுதிகளாகப் பிரிந்து, ஏறத்தாழ 750 கெஜ நீளம் கொண்டு அமைந்த அவ்வணை 1836 ஆம் ஆண்டு நிறைவுற்றது. அதுவே மேலணை எனப்படுகின்றது. அதே ஆண்டில், கொள்ளிடத்தில் ஏறத்தாழ 70 மைல் கீழே கீழணையும் கட்டி முடிக்கப்பட்டது. மேலணையைத் தாண்டி வரும் நீரையும், இடையில் கசிந்து சேரும் நீரையும் அது தடுத்து, வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்கும், சிதம்பரம், சீர்காழிப் பகுதிகளின் வயல்களுக்கும் அனுப்பியது. மேலணையால் கொள்ளிடத்தில் நீர் குறைந்துவிடுமே என்று அப்பகுதியினர் வருந்த வேண்டாதபடி, அவர்களுக்கும் வழி செய்ததே கீழணையின் சிறப்பு. ஒரு பகுதியாரின் நன்மை மற்றொரு பகுதியாருக்குத் தீமையாய் முடியக்கூடாது என்பது நீர்ப்பணியில் முதன்மையான அறமாகும்.

மருந்தும் மறுநோயும்

அணை எழுந்ததும் காவிரியில் நீர் பெருகியது. தூர்ந்து கிடந்த படுகையை அந்நீரே அரித்து ஆழமாக்கியது. மகிழ்ச்சிக்குரிய இம்மாற்றம் அளவோடு நிற்கவில்லை. காவிரியின் படுகை தாழத் தாழ நீர் மேலும் மேலும் அப்பக்கமே பாய்ந்தது. முன்பு நீரின்றி வருந்திய தஞ்சை, மிகுநீரால் கரை உடையுமோ என்று அஞ்சவேண்டிய நிலை உண்டாயிற்று. முன்னிருந்த நோயைத் தீர்த்த மருந்தே மறுநோயாக மாறத் தொடங்கியது.

கட்டியவர்கள் தம் கட்டடத்தின் பெருமையைப் பேசிக்கொண்டு இருந்துவிடவில்லை. ஆற்றை ஆண்டுதோறும் அளந்து, நிகழ்ந்த மாறுதலை உணர்ந்தனர். 1843 ஆம் ஆண்டில் மேலணையின் நடுப்பகுதி சற்றுத் தாழ்த்தப்பட்டது. 1845 ஆம் ஆண்டில் காவிரியின் தலைப்பிலும் ஒரு தளச்சுவர் குறுக்கே கட்டப்பட்டது. அச்சுவர் படுகை மேலும் தாழாமல் காத்தது. இவ்வாறு இரு கிளைகளின் வாயிலும் அளவு வகுத்த பின்னரே காவிரி சமநிலை அடைந்தது.

இந்நிகழ்ச்சி ஆழ்ந்து எண்ணத்தக்கது. ஆறு உயிருள்ள பொருளைப் போன்றது. அதன் ஓரிடத்தில் செய்யும் மாற்றம் மற்றோரிடத்தில் விளைவைத் தரும். முதல் முயற்சியிலேயே குறையின்றி அமைத்தல் எவர்க்கும் அரிது. குறையை விரைவில் காண்பதும், கண்டதை மறைக்காமல் திருத்துவதுமே ஒரு பணியை நம்பத்தக்கதாக ஆக்குகின்றன.

கோதாவரிக் கரையில்

மேலணைப் பணி முடிந்த பின்னர், சென்னையை அடுத்த செங்குன்றத்தில் கல் கொண்டுவருவதற்காக அமைக்கப்பட்ட இருப்புப் பாதையோடும் காட்டனின் பெயர் இணைந்துள்ளது. 1837 ஆம் ஆண்டில் ஓடிய அதுவே இந்தியாவின் முதல் இருப்புப் பாதை என்பர். மீண்டும் உடல்நலம் கெடவே, அவர் ஆஸ்திரேலியாவை அடுத்த தாஸ்மேனியாத் தீவுக்குச் சென்று தங்கினார். அங்கே எலிசபெத் லியர்மன்த் என்னும் நங்கையை 1841 இல் மணந்து, இந்தியாவிற்குத் திரும்பினார்.

அக்காலத்தில் கோதாவரி ஆற்று முகத்துவார நாடு பெருந்துயரில் ஆழ்ந்திருந்தது. புயலும் பஞ்சமும் மாறி மாறி வந்து மக்களை வாட்டின. 1821 ஆம் ஆண்டிற்கும் 1841 ஆம் ஆண்டிற்கும் இடையில் இராசமகேந்திரபுர மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. கண்முன்னே பேராறு ஒன்று நீரைக் கடலில் கொட்டிக்கொண்டிருக்க, அதன் கரையில் வாழ்வோர் பசியால் மடிந்தனர். அந்நிலையை ஆராய்ந்த காட்டன், காவிரியில் கற்ற பாடத்தைக் கோதாவரிக்கும் பயன்படுத்தலாம் எனத் துணிந்தார்.

1847 ஆம் ஆண்டில் தவளேசுவரத்தில் பணி தொடங்கியது. ஆற்றின் அகலமோ, தீவுகளையும் சேர்த்து ஏறத்தாழ நான்கு மைல். ஆற்றிடைத் தீவுகளைப் பயன்படுத்தி, அணை நான்கு பகுதிகளாகக் கட்டப்பட்டது. வீணம் வீரண்ணா என்னும் ஆந்திரப் பெரியார் தொழிலாளர்களைத் திரட்டி நடத்துவதில் காட்டனுக்கு உறுதுணையாக விளங்கினார். 1852 ஆம் ஆண்டில் அணை நிறைவெய்தியது. பஞ்சத்திற்குப் பெயர்பெற்ற அந்நாடு பின்னர் நெல்லுக்குப் பெயர்பெற்றது. கிருட்டிணை ஆற்றிலும் 1855 ஆம் ஆண்டில் அணை எழுந்தது. தஞ்சை மணலில் விதைத்த அறிவு ஆந்திர நாட்டில் இவ்வாறு தழைத்தது.

புகழும் குறையும்

காட்டன் 1860 ஆம் ஆண்டில் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1861 ஆம் ஆண்டில் அவருக்கு சர் பட்டம் வழங்கப்பட்டது. இந்தியாவின் பேராறுகளைக் கால்வாய்களால் இணைக்கவேண்டும். அக்கால்வாய்கள் பாசனத்திற்கும் படகுப் போக்குவரத்திற்கும் ஒருங்கே பயன்படவேண்டும் என்று அவர் விரும்பினார். இருப்புப் பாதைகளுக்குச் செலவிடும் பெரும்பொருளில் ஒரு பகுதியை நீர்ப்பணிகளுக்குச் செலவிட்டால் பஞ்சம் ஒழியும் என்று ஓயாமல் வாதாடினார். அக்கொள்கை பலருக்கு உடன்பாடாக இல்லை. 1878 ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தின் குழு ஒன்று இந்தியப் பொதுப்பணிகளைப் பற்றி விசாரித்தபோது, முதுமையிலும் அவர் அக்குழுவின்முன் சென்று கடுமையான வினாக்களுக்கு விடையளித்தார்.

அவர் ஆதரித்த திட்டங்கள் யாவும் வெற்றி பெற்றன என்று கூறுதல் உண்மைக்கு மாறாகும். துங்கபத்திரையிலிருந்து வெட்டப்பட்ட கர்நூல் கடப்பைக் கால்வாய், மதிப்பிட்டதைவிட மிகுந்த செலவை உண்டாக்கியது. எதிர்பார்த்த வருவாயைத் தரவில்லை. அதனை வெட்டிய கம்பெனியாரிடமிருந்து 1882 ஆம் ஆண்டில் அரசே அக்கால்வாயை விலைகொடுத்து வாங்க நேர்ந்தது. நெல் விளையும் கழிமுக நாட்டில் வென்ற முறை, மேட்டு நிலத்தில் அவ்வாறே வெல்லும் என்று கருதியது பிழையாயிற்று. ஓரிடத்தின் அனுபவத்தை மற்றோர் இடத்திற்குக் கொண்டு செல்லும்போது, அவ்விடத்தின் மண்ணையும் மக்களையும் புதிதாகக் கற்கவேண்டும் என்பதற்கு அவருடைய வாழ்வே சான்றாகும்.

கம்பெனியார் அணை கட்டியது அருளால் மட்டும் அன்று. நீர் பெருகினால் வரியும் பெருகும் என்ற கணக்கும் அதில் இருந்தது. காட்டனும் அக்கணக்கைக் காட்டியே அரசின் இசைவைப் பெற்றார். எனினும், பஞ்சத்தில் மடியும் மக்களைக் காக்கவேண்டும் என்னும் பரிவு அவர் உள்ளத்தில் உண்மையாகவே இருந்தது என்பதை அவர் வாழ்க்கை காட்டுகின்றது. ஓய்வு பெற்ற பின்னரும் அவர் சோம்பியிருக்கவில்லை. இங்கிலாந்தில் டார்க்கிங் என்னும் ஊரில் தங்கி, நிலத்தை ஆழ உழுது விளைவைப் பெருக்கும் முறையை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1899 ஆம் ஆண்டு சூலை மாதம் 24 ஆம் நாள், தம் தொண்ணூற்றாறாம் வயதில் அவ்வூரிலேயே உயிர் நீத்தார்.

அணைகளின் பிற்காலம்

கட்டியவர் மறைந்தாலும் கட்டடத்தின் வாழ்வு தொடர்கின்றது. மேலணை பிற்காலத்தில் கதவுகள் பொருத்திய மதகணையாக மாற்றி அமைக்கப்பட்டது. 1934 ஆம் ஆண்டில் மேட்டூர் அணை எழுந்தபோது, வெள்ள நீரைத் தேக்கிவைத்து வேண்டிய காலத்தில் விடும் வாய்ப்புக் காவிரி நாட்டிற்குக் கிடைத்தது. மேட்டூரிலிருந்து வரும் நீரைப் பகிர்ந்தளிக்கும் வாயில்களாக மேலணையும் கல்லணையும் தொடர்ந்து பணியாற்றின. கீழணை நீர் சேரும் வீராணம் ஏரியிலிருந்து 2004 ஆம் ஆண்டு முதல் சென்னை மாநகருக்குக் குடிநீரும் செல்கின்றது. தவளேசுவரத்தில் பழைய அணைக்கு மாற்றாகக் கட்டப்பட்ட புதிய அணைக்குக் காட்டனின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. கோதாவரிக் கரை மக்கள் இன்றும் அவர் பிறந்தநாளைக் கொண்டாடுகின்றனர்.

2018 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22 ஆம் நாள், காவிரியில் வெள்ளம் பெருகியிருந்தபோது, முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த மதகணையில் ஒன்பது மதகுகள் இடிந்து வெள்ளத்தோடு சென்றன. நூற்று எண்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காவல் காத்த இடத்தில் ஒரே இரவில் வழி திறந்தது. காவிரிக்குச் செல்லவேண்டிய நீர் கொள்ளிடத்தில் இறங்காதவாறு தடுப்பதற்கு, கற்களையும் மணல் மூட்டைகளையும் இட்டுத் தற்காலிகத் தடுப்பு அமைக்கப்பட்டது. கொரம்பு கட்டிய பழைய காலம் மீண்டும் ஒருமுறை மக்கள் கண்முன் வந்து நின்றது. பின்னர் அங்கே புதிய கதவணை கட்டப்பட்டது.

நீரின் அடியில் நிகழும் அரிப்பு கண்ணுக்குப் புலனாகாது. மேலே நிமிர்ந்து நிற்கும் தூணைக் கண்டு, கீழே மணல் நகர்வதை மறந்துவிடுதல் மனித இயல்பு. நேற்று நின்றது நாளையும் நிற்கும் என்று எண்ணி வாளா இருப்பது நம்பிக்கை ஆகாது. அது மறதியே ஆகும். ஆண்டுதோறும் அடித்தளத்தைச் சோதிப்பதும், சிறு பள்ளத்தைக் கண்டவுடன் கல்லிட்டு நிரப்புவதும், மதகின் கதவுகளை ஏற்றி இறக்கிப் பார்ப்பதும் புகழ் தராத வேலைகள். ஆயினும், பெருவெள்ளத்தின்போது நாட்டைக் காப்பவை அவையே.

நிலைத்த நன்மை

பண்டைக் காலத்தில் ஆற்றுக்கும் ஏரிக்கும் ஊரார் கூடி ஆண்டுதோறும் செப்பம் செய்தனர். குடிமராமத்து என்னும் அவ்வழக்கத்தில், வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து வாய்க்காலைத் தூர் எடுப்பான். நீராணிக்கர் ஏரியையும் மதகையும் கண்காணித்து, வயலுக்கு வயல் நீர் பங்கிடுவர். தனியொருவர் அறிவால் எழுந்த கட்டடத்தைப் பலரது கடமை உணர்ச்சியே வாழவைத்தது. அக்கடமை தளர்ந்தபோது ஆறும் தளர்ந்தது என்பதைத் தஞ்சையின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

கல்லணையைக் கட்டிய தொழிலாளர் எவருடைய பெயரும் இன்று தெரியாது. அவர்கள் மணலைப் பற்றி அறிந்திருந்த உண்மையோ, அவர்கள் இட்ட கற்களில் எழுதாத நூலாக இருந்தது. அந்நூலைப் படிக்கத் தெரிந்தவர் காட்டன். கற்றதை ஒப்புக்கொண்டார், கற்றதன் வழி நின்றார். அவர் காலத்துப் பொறியாளர்கள் பிழை நேர்ந்த இடத்தில் அணையின் உயரத்தையே குறைத்துத் திருத்தினர். அப்பண்புகளால்தான் முக்கொம்பில் இட்ட அணை பல தலைமுறைகளுக்குச் சோறிட்டது.

ஒரு பொருளோ, ஓர் அமைப்போ நம்பத்தக்கது ஆவது அதன் பருமனாலோ பகட்டாலோ அன்று. அதன் அடித்தளம் இடத்தின் இயல்பை அறிந்து இடப்பட்டிருக்கவேண்டும். மிகுதி வந்தபோது வழிந்து செல்ல அதற்கு வழி இருக்கவேண்டும். குறையைக் கண்டு சொல்வோரும், கேட்டுத் திருத்துவோரும் அதன் அருகே என்றும் இருக்கவேண்டும். காவிரியில் ஆடித் திங்களில் புதுவெள்ளம் வரும்போது, அதனை மலர் தூவி வரவேற்கும் நாட்டில், அவ்வெள்ளத்தை வயலுக்கு அழைத்துவரும் அணைகளைப் பேணுவதும் அதனோடு ஒத்த வழிபாடே ஆகும்.